பிள்ளைகள் கையில் வசூல் அட்டை

கிறிஸ்து அரசர் ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்து வெளியே ஓடிவரும் நம் பிள்ளைகள் கையில் ஆளுக்கோர் அட்டை இருக்கும். ரோஸ் நிறம். மேலே திருக்குடும்பப் படம், கீழே இருபது கோடு. பெயர், ஊர், தொகை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. அன்றைக்குத்தான் நம் கோவிலில் குடும்ப விழா. கடை, ஏலம், கலை நிகழ்ச்சி, பரிசுக் குலுக்கல், சாப்பாடு எல்லாம் உண்டு. அதற்குள் அட்டையை நிரப்பித் தந்துவிட வேண்டும். அதிகம் வசூலித்த மூன்று பிள்ளைகளுக்கு மேடையில் பரிசு. இந்த விழாக்குழுவில் நானும் பல வருடமாக இருக்கிறேன். பரிசு வைத்தால் பிள்ளைகள் ஆர்வமாக வசூலிப்பார்கள் என்று கூட்டத்தில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இங்கே கேட்கப்போகும் கேள்விகளை முதலில் என் வீட்டுக் கூடத்தில் நின்றுதான் கேட்கிறேன்.

2024 டிசம்பர், விழாவுக்கு முந்தின இரவு. அடுப்பில் அதிரசத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் கடைக்கு இருநூறு அதிரசம் என் பொறுப்பு. ஐந்தாவது படிக்கும் மகன் தரையில் உட்கார்ந்து அட்டையைக் கூட்டினான். 1,340 ரூபாய். முந்தின வருடம் முதல் பரிசு வாங்கிய பிள்ளை 2,200 கட்டியது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவன் அப்பா சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அட்டை மேல் வைத்தார். காலியாக இருந்த கோடுகளில் யார் யார் பெயரை எழுதுவது என்று நான் மாவு கையோடு நின்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடலூர் சித்தி 200. மடுகரை மாமா 300. சென்னைப் பெரியப்பா 500. எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"பெரியப்பா எப்பம்மா குடுத்தாங்க?"

"கேட்டா குடுக்க மாட்டாங்களா? எழுதுடா. எண்ணெ காயுது."

எழுதினான். முதல் பரிசும் வாங்கினான். ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அது இன்றும் எங்கள் பீரோ மேல் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போ என்று இரண்டு தடவை சொன்னேன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளை பொய் சொன்னால் நாம் எவ்வளவு ஆத்திரப்படுகிறோம்! பல்பம் திருடினான் என்றால் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வைக்கிறோம். அப்படிப்பட்ட நாம், கோவில் காணிக்கைக் கணக்கில் பொய்ப் பெயர் எழுத நம் வாயாலேயே சொல்லிக்கொடுத்தது எப்படி?

அந்த வருடம் என்ன வருடம் என்பதை நினைத்துப் பாருங்கள். அட்டை கைக்கு வந்த அதே வாரக் கடைசியில், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் நம் தலைமேல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. ஏம்பலத்தில் எங்கள் தெருக்கோடி வயலில் பால் பிடித்து நின்ற நெல் சேற்றோடு படுத்துக் கிடந்தது. கரும்பு சாய்ந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் வேலை இல்லை. ரேஷன் கார்டு ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது.

அப்போதாவது, இந்த வருடம் பிள்ளைகள் வசூலுக்குப் போக வேண்டாம் என்று நமக்குத் தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரேஷன் கார்டுக்கு அஞ்சாயிரம் வரப்போவுது. இப்ப போய்க் கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க." சமையலறையில் நின்று, பெற்ற பிள்ளையிடம், இந்த வாயால் சொன்னேன்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எங்கே கேட்டால் கிடைக்கும் என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். வீடுகளில் பத்து ரூபாய். சாராயக்கடை வாசலில் ஐம்பது, நூறு. போதையில் இருக்கும் மனிதர் கணக்குப் பார்ப்பதில்லை. "சாமி காரியம்" என்று சொன்னால் பையில் இருப்பதை அப்படியே எடுத்துத் தருவார். மூன்று நான்கு பையன்கள் சேர்ந்து பொழுது சாயும் நேரத்தில் அங்கே போய் நின்றிருக்கிறார்கள். என் மகன் அட்டையில் ஒரு கோட்டில் பெயரே இல்லாமல் "அண்ணன், 100" என்று இருந்தது. யார் இந்த அண்ணன் என்று கேட்டேன். சொன்னான். நான் சிரித்தேன். "சமத்து" என்று தலையைத் தடவினேன்.

வெள்ளம் வடிந்து, வேலை ஆரம்பித்து, அன்று கைக்கு வந்த கூலியாக அது இருக்கலாம். அந்த நூறு ரூபாய்க்காக ஒரு வீட்டில் உலைத் தண்ணீர் காத்துக் கிடந்திருக்கலாம். குடிகாரர் வீட்டுப் பெண்களுக்காக அன்பியக் கூட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து நாம் ஜெபம் சொல்கிறோம். அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய பணத்தை வாசலிலேயே மறித்து வாங்கிவர நம் பிள்ளைகளை அனுப்பலாமா? பத்து வயதுப் பையன் அந்த வாசலில் வேறு என்னென்ன பார்த்தான், கேட்டான் என்று நம்மில் யாராவது விசாரித்தோமா?

குலுக்கல் சீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டுக்குத் தடை போட்டார்கள். சீட்டு வாங்கியே அழிந்த குடும்பங்களை நம் உறவிலேயே பார்த்திருக்கிறோம். கிரைண்டர் படம் போட்ட இருபது ரூபாய்ச் சீட்டுப் புத்தகத்தை அதே நாம்தான் பிள்ளைகள் பையில் செருகுகிறோம். கோவில் பெயர் அச்சடித்திருந்தால் அது வேறு பொருளாகிவிடுமா?

இனி ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஏழாவது படிக்கிறாள். சிவப்பு ரேஷன் கார்டு வீடு. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா களை எடுக்கப் போகிறவர். மறைக்கல்வி வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிற பிள்ளை அந்த டிசம்பரில் இரண்டு ஞாயிறு வரவில்லை. காய்ச்சல் என்றாள். குடும்ப விழாவுக்கும் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவள் அம்மா என்னிடம் வந்து முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எட்டாக மடித்த அட்டை. அரிசி டின் அடியில் கிடந்ததாம். அரிசி தீர்ந்த அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. மடித்த இடமெல்லாம் தவிடு ஒட்டியிருந்தது. ஏழு கோட்டில் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய். கூட்டுத்தொகை எழுதும் கட்டத்தில் 70 என்று எழுதி, அதை அழித்திருந்தாள். அழித்து அழித்து அந்த இடம் மட்டும் காகிதம் இழை இழையாகப் பிரிந்திருந்தது.

"காசு டப்பாவுல அப்பிடியே இருக்குதுக்கா. இப்பக் கட்டலாமா? குழுவுல முன்னூறு கடன் எடுத்துச் சேத்துத் தரட்டுமா?" என்று அந்த அம்மா கேட்டார். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கோவில் அட்டையை நிரப்பலாமா என்று கேட்கிறார். என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

நம் கோவிலுக்கு வருகிற வீடுகள் எல்லாம் ஒன்றா? பிரான்ஸில் அண்ணன் தம்பி இருக்கிற வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாவின் பென்ஷன் வந்துகொண்டிருந்த வீடும் இருக்கிறது. அங்கே வாட்ஸ்அப்பில் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், பிள்ளை வாசல்படி தாண்டாமல் இருபது கோடும் நிரம்பிவிடும். அடுத்த தெருவில் ஓலைக்கு மேல் தார்ப்பாய் போட்ட வீட்டில் இன்னொரு பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒரே அட்டை, ஒரே மேடை, ஒலிபெருக்கியில் தொகையோடு பெயர். அதே ஒலிபெருக்கியில் பெயர் வராத பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? அன்றைக்கு நான் மேடையைத்தான் பார்த்தேன். நீங்கள்?

இதைவிட ஒன்று என்னைக் குத்துகிறது. அட்டை கொடுத்த அதே ஞாயிறு, அதே வகுப்பில், ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்டதைப் பிள்ளைகளை நாடகமாக நடிக்க வைத்தோம். கைம்பெண்ணாக நடித்தவள், அட்டையை அரிசி டின் அடியில் வைத்த அந்தப் பிள்ளைதான். வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எவ்வளவு அழகாக நடந்து வந்தாள்! நடித்து முடித்தவள் கையில்தான் அட்டையைக் கொடுத்து, அதிகம் கொண்டு வருகிறவருக்குப் பரிசு என்றோம்.

பிள்ளைகளிடம் காணிக்கை வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அது நம் திருச்சபையில் புதிதும் இல்லை. பிரான்ஸில் லியோன் நகரத்தில் பவுலின் ஜாரிக்கோ என்றொரு இளம்பெண் இருந்தார். பட்டு ஆலைப் பெண்களிடம் வாரத்துக்கு ஒரு சூ காசு கேட்டார். நம் காலணா மாதிரிச் சின்னக் காசு. பத்துப் பேருக்கு ஒருவர் வாங்கிச் சேர்ப்பார், அப்படிப் பத்துப் பேருக்கு மேல் இன்னொருவர். 1822-ல் அது விசுவாசப் பரப்புதல் சபையாக உருவானபோது அவருக்கு வயது 22. ஆரம்பத்தில் அப்படிச் சேர்ந்த காசு பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக்குப் போனது. 1776 முதல் புதுச்சேரியில் வேலை செய்த சாமியார்கள் அந்தச் சபையினர்தான். நம் கோவில்களின் கதை பட்டு நூற்ற பெண்களின் சில்லறையிலும் இருக்கிறது.

1843-ல் நான்ஸி நகரத்து ஆயர் ஃபோர்பன் ஜான்ஸன் அதே வழியைப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார். நாம் திருப்பாலத்துவ சபை என்கிறோமே, அது. சீனாவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் அவர் கேட்டது இரண்டே இரண்டு: நாளுக்கு ஓர் அருள் நிறைந்த மரியே, மாதத்துக்கு ஒரு சூ. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு சூ, வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு சூ. கேட்ட தொகை அவ்வளவு சின்னது. ஒரு மாதம் மிட்டாயை விட்டால் பிள்ளையே மிச்சம் பிடிக்க முடியும். அப்பா பையிலிருந்து எடுக்க வேண்டாம், கடை வாசலில் நிற்க வேண்டாம். தொகையைவிட ஜெபத்தை முன்னால் வைத்தார் என்பதையும் நான் இப்போதுதான் கவனிக்கிறேன். நம் அட்டையில் ஜெபத்துக்கு ஒரு கோடுகூட இல்லை.

அந்த ஒரு சூவிலிருந்து 2,340 ரூபாய்க்கு எப்படி வந்தோம்? பிள்ளை மேல் பாசம் இல்லாமலா? பாசம்தான். என் பிள்ளை மேடை ஏற வேண்டும், நாலு பேர் கைதட்ட வேண்டும், கூச்சம் போக வேண்டும். பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. கோவில் முற்றத்தில் வந்து நின்றாலும் முதலிடம் எது என்றே தேடுகிறது.

கலை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மூன்று மணிக்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, உதட்டுச் சாயம் தீட்டி, வாடகைக்கு எடுத்த ஜரிகைத் துணியை மாட்டி உட்கார வைத்துவிட்டோம். சிறப்பு விருந்தினர் வர எட்டு மணி. சாயம் கலையும் என்று சாப்பிடக் கொடுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் என் சின்ன மகள், நாலு வயது, தேவதைச் சிறகோடு பந்தல் கால் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் பாட்டு வந்ததும் உலுக்கி எழுப்பி மேடையில் தள்ளினேன். கண்ணைத் திறக்கவே முடியாமல் நின்றாள். கீழே நின்று, "கைய ஆட்டு, கைய ஆட்டு" என்று கத்தினேன். செல்போனில் அதையும் வீடியோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பாட்டு முழுக்க என் குரல்தான் கேட்கிறது.

குடும்ப விழா என்று பெயர் வைத்தோமே, அன்று காலையிலிருந்து ராத்திரி வரை உங்கள் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டீர்களா? நான் அதிரசக் கடையில். என் கணவர் ஏலப் பந்தலில். மகன் சீட்டுப் புத்தகத்தோடு கூட்டத்தில். மகள் மேடைக்குப் பின்னால். நாலு பேரும் ஒரு கோவில் வளாகத்துக்குள்தான் இருந்தோம்.

ஏலம் நம் ஊர்க் கோவில்களில் பழைய வழக்கம்தான். முதல் காய், முதல் குலை, நேர்ந்துவிட்ட சேவல் என்று கொண்டு வந்து வைப்பதும் அதை நாலு பேர் கூடி எடுப்பதும் நல்ல காரியம். ஆனால் அன்று ஒரு பூசணிக்காய் 3,000 ரூபாய்க்குப் போனது. இரண்டு அப்பாக்கள் விடவில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர் சொல்ல, கடைசியில் யாரும் பூசணியைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேருடைய பிள்ளைகளும் ஒரே வகுப்பு, முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள். தோற்றவருடைய மகன் எழுந்து போய் மாதா கெபிக்குப் பின்னால் நின்றுகொண்டான். அந்த வாரமெல்லாம் எங்கள் வீட்டில் சின்னவள் தன் பொம்மையைத் தூக்கிப் பிடித்து "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலம் விட்டாள். அண்ணன் நூறு என்றான். "போதாது" என்றாள். ஐந்நூறு என்றான். "போதாது, அந்த அங்கிளு கொடுத்த மாதிரி குடு" என்றாள். பிள்ளைகள் விளையாட்டில் பொய் இருக்காது. நாம் நடத்திக் காட்டியதைத்தான் அவள் நடத்தினாள்.

கோவிலுக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். மழையில் ஒழுகுகிற ஓட்டுக்கு வேண்டும், மின் கட்டணத்துக்கு வேண்டும், படிக்க வழியில்லாத பிள்ளைகளின் கட்டணத்துக்கு வேண்டும். அதை நாம் தருவோம். பெரியவர்கள், நம் வருமானத்திலிருந்து, நம் பெயரில், முடிந்ததை உறையில் போட்டுத் தருவோம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால் வைப்போம், முடியாதவருக்கு விட்டுக்கொடுப்போம். நம் பாரத்தை ஏன் ஏழாவது படிக்கிற பிள்ளையின் தலையில் வைக்க வேண்டும்?

பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றால் எங்கள் ஆயா வைத்திருந்த பிடி அரிசிச் சட்டி போதும். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து அந்தச் சட்டியில் போடுவார். சில நாள் என்னைக் கூப்பிட்டுப் போடச் சொல்வார். என் பிடி சின்னது. அவர் மறுபடி போட்டதில்லை, அதுவே கணக்கு. ஞாயிறன்று பையில் கட்டிக் கோவிலுக்குக் கொண்டு போவோம். எல்லார் பையும் ஒரே அண்டாவில் கொட்டப்படும். கொட்டிய பிறகு எது யார் வீட்டு அரிசி என்று யாருக்கும் தெரியாது. மிசோரத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக வீடு வீடாக இந்தப் பிடி அரிசியை எடுத்து வைத்துத்தான் தங்கள் சபையைத் தாங்குகிறார்கள். காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்று அதையே இந்துக் குடும்பங்களுக்குச் சொன்னார். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனின் கதையை யோவான் எழுதியிருக்கிறார். அவன் பெயரை எழுதவில்லை. யார் மகன், எந்தத் தெரு என்றும் இல்லை.

சென்ற ஞாயிறு என் மகனிடம் முதல் தடவையாக அந்தப் பெரியப்பா 500 பற்றிப் பேசினேன். "அது அம்மா செஞ்ச தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த சாராயக்கடை அண்ணனுக்குத் திருப்பிக் குடுக்க முடியுமாம்மா?" என்று கேட்டான். அவர் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இந்த வருட அட்டை இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை. வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் விழாக்குழுக் கூட்டம். பிள்ளைகளுக்கு அட்டை வேண்டாம், சீட்டுப் புத்தகம் வேண்டாம், மேடையில் தொகை படிக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால் ஆறு மணிக்கு ஆடிவிட்டுச் சாப்பிடப் போகட்டும் என்று கேட்கப்போகிறேன். பங்குச் சாமி கேட்பார் என்றுதான் நம்புகிறேன். நம்மைப் போன்ற அப்பா அம்மாக்கள்தான் ஒத்துக்கொள்ளத் தயங்குவோம். தனியாக எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் போதாது. இரண்டு பேராவது பக்கத்தில் வந்து உட்காருங்கள். தவிடு ஒட்டிய அந்த அட்டையையும் கொண்டு வருகிறேன். அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாதபடி மேலே காகிதம் ஒட்டிவிட்டேன். அதோடு டப்பாவில் இருந்த எழுபது ரூபாயையும் அவள் அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறார். எல்லாம் பத்து ரூபாய்க் காசு, ஏழு. அதை உண்டியலில் போட்டுவிட்டுத்தான் கூட்டத்தில் வந்து உட்காருவேன்.